ஒரு செட்டுப் புத்தகம்

தனசீலனிடம் ஒரு கொள்கை இருந்தது. வேறு சொத்து எதுவும் பெரிதாக இல்லாததால் அதை மிகவும் பத்திரமாக வைத்திருந்தான். பிள்ளையை எவ்வளவு பிந்திப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோமோ அவ்வளவு உயரத்துக்கு அது போகும். முந்திச் சேர்த்தால் அம்பர்நாத்துக்குத்தான் போகும். அவன் தினமும் மும்பை சயான் ஸ்டேஷனில் வண்டி ஏறி அம்பர்நாத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தான். அங்கே ஒரு மருந்துக் கம்பெனியில் ஸ்டோர்ஸ் கிளார்க் வேலை.

கொள்கைக்கு அத்தாட்சி வேண்டுமானால் வெகுதூரம் போக வேண்டாம், செம்பூர் வரை போனால் போதும். அங்கே பதினான்காவது மாடியில் அவனுடைய அண்ணன் சாஜன் இருந்தான். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஸோனல் மேனேஜர். கார் இருந்தது. காரை நிறுத்த இடமும் இருந்தது, மும்பையில் அதுதான் பெரிய விஷயம். தனசீலன் தாராவியிலேயே, அப்பா விட்டுப்போன மாடி அறையில், மனைவி ஜெயசீலியோடும் மகள் ரீனாவோடும் இருந்தான். ஒரே தாய், ஒரே தகப்பன், ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. அப்புறம் எப்படி ஒருத்தன் செம்பூர், ஒருத்தன் அம்பர்நாத்? கேட்டால் தனசீலன் விரலை நீட்டி, செத்துப்போன அப்பாவைக் காட்டுவான்.

அவர்கள் அப்பா நாசரேத் பக்கத்திலிருந்து வந்து தாராவியில் தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். சிக்கனமானவர் என்று வெளியே சொல்வார்கள். வீட்டில் வேறு வார்த்தை சொல்வார்கள். சாஜனுக்கு அம்மை போட்டு, அதற்கு மேல் மஞ்சள் காமாலையும் வந்து, பள்ளிக்கூடம் தள்ளிக்கொண்டே போனது. அவனுக்கு ஏழு நெருங்கியபோதுதான் அப்பாவுக்கு ஒரு நாள் லீவு கிடைத்தது. லீவு போட்டதே போட்டோம், கையோடு சின்னவனையும் தள்ளிவிடுவோம் என்று இருவரையும் இழுத்துக்கொண்டு போனார். தனசீலனுக்கு அப்போது ஐந்துகூட முடியவில்லை. தலைமை ஆசிரியர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சின்னவன் ரொம்பச் சின்னவனாக இருக்கிறானே என்று கேட்டிருக்கிறார்.

"ரெண்டும் ஒண்ணாப் படிச்சா ஒரு செட்டுப் புஸ்தகம் போதும் ஸார்" என்றாராம் அப்பா.

அதற்கு மேல் என்ன பேசுவது? தலைமை ஆசிரியரும் கணக்கு வாத்தியாராக இருந்தவர்தான். இரண்டு வயதையும் கூட்டினார், இரண்டால் வகுத்தார், ஒரே தேதியைப் போட்டு இரட்டைப் பிள்ளைகள் என்று எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து இன்றுவரை சர்க்கார் கணக்கில் அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் பிறந்தவர்கள். ரிட்டயர் ஆகிறதும் ஒரே வயதுக் கணக்கில்தான். அண்ணனுக்கு ஒரு வருஷச் சம்பளம் கூடுதல், தம்பிக்கு ஒரு வருஷம் குறைச்சல். இதையும் தனசீலன் விட்டுவைக்கவில்லை, கணக்கில் சேர்த்திருந்தான்.

அந்த இரட்டையரில் ஒருவனுக்குப் பால்பல் விழுந்து புதுப்பல் முளைத்தாகிவிட்டது. இன்னொருவன் மத்தியானம் ஆனால் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கினான். புத்தகம் சாஜனுக்கு முன்னால்தான் விரிந்திருக்கும். தனசீலன் பக்கத்திலிருந்து கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டும். அவன் பாதிப் பக்கம் எழுத்துக்கூட்டி வருவதற்குள் சாஜன் படித்து முடித்துத் தாளைப் புரட்டிவிடுவான். பாதிக் கதைகளுக்கு முடிவு என்னவென்று தனசீலனுக்கு இன்றைக்கும் தெரியாது. இதுகூடப் பரவாயில்லை. வருஷா வருஷம் ஒரு டீச்சர் மாறாமல் சொல்வாள், ஒரே வயித்துல ஒரே நாள்ல பொறந்தவன் அவன், அவனையும் பாரு, ஒன்னையும் பாரு என்று. ஐந்து வயதுப் பிள்ளை அதற்கு என்ன பதில் சொல்லும்? டீச்சர், எங்கள் பிறந்த தேதியில் ஒரு தில்லுமுல்லு இருக்கிறது என்றா சொல்லும்? தான் மண்டு என்று ஒத்துக்கொண்டது. ஒத்துக்கொண்டால் அடி குறைவு.

சரி, அதெல்லாம் பழைய கதை. இப்போது பிரச்சினை ரீனா.

ரீனா டிசம்பர் கடைசியில், கிறிஸ்துமஸ் கேக் தீர்வதற்குள் பிறந்தவள். பள்ளிக்கூடங்களின் வயதுக் கணக்கு டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. எனவே இந்த ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர அவளுக்குத் தகுதி உண்டு, ஆனால் வகுப்பிலேயே கடைக்குட்டியாக இருப்பாள். நின்றால் ஜெயசீலியின் இடுப்புக்குக்கூட வரமாட்டாள். வாய் மட்டும் வளர்ந்திருந்தது. சந்தில் இருக்கும் பால்வாடியில் அவள் வைத்ததுதான் சட்டம். பால்வாடி டீச்சர் ஸ்மிதாவே அவளைக் கேட்டுவிட்டுத்தான் பிள்ளைகளுக்குப் பாட்டு வைப்பாள் என்று பேச்சு.

ஏப்ரல் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை சாஜன் போன் செய்தான். மாட்டுங்காவில் அவன் மகன் ஏஞ்சலோ படிக்கும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பில் ஒரு இடம் காலியாம். அங்கே டிரஸ்டியாக இருக்கும் சுப்ரமணியன் ஸார் சாஜனுக்கு வேண்டியவர், பாலிசிக்காரர். ரீனாவுக்காக அந்த இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும். ஏஞ்சலோவும் ஒன்றாம் வகுப்புக்குத்தான் போகிறான், அதே வருஷம் ஜனவரியில் பிறந்தவன், ரீனாவுக்குக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் மூத்தவன்.

"ரெண்டு பேரையும் ஏ டிவிஷன்லயே, ஒரே பெஞ்சுல போடச் சொல்லிட்டேன்" என்றான் சாஜன். "ஏஞ்சலோ அவளப் பாத்துக்கிடுவான். நீ டென்ஷன் எடுக்காத."

ஜெயசீலிக்குத் தலைகால் புரியவில்லை. மாட்டுங்காவில்தான் அவள் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் ரிசப்ஷனில் இருந்தாள். அந்தப் பள்ளிப் பிள்ளைகள் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்ள வரும்போது யூனிஃபார்மைப் பார்த்துப் பெருமூச்சு விட்டிருக்கிறாள். டாக்டரிடம் சொல்லி நேரத்தை மாற்றிக்கொள்வதுவரை யோசித்துவிட்டாள். தனசீலன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, நிதானமாக, வேண்டாம் என்றான்.

"என்னது வேண்டாம்?"

"இந்த வருசம் வேண்டாம். அடுத்த வருசம் சேப்போம். அப்பதான் அவ கிளாஸ்லயே பெரியவளா இருப்பா."

"அடுத்த வருசம் அந்த ஸார் ஒங்க அண்ணன் போனை எடுப்பாராங்கதே சந்தேகம். நீங்க என்ன சொல்லுதிய?"

"கொள்கையச் சொல்லுதேன்."

"ஒங்க கொள்கையக் கொண்டுபோய்க் கடல்ல போடுங்க" என்றாள் ஜெயசீலி. "பிள்ள டிசம்பர்ல பொறந்ததுக்கு ரெண்டு பேருந்தான் காரணம். அவள ஒரு வருசம் வீட்டுல உக்கார வச்சா என்ன வெளையும்? பால்வாடியில இருக்கதுகளுக்கெல்லாம் பஞ்சாயத்துப் பண்ணிட்டுக் கெடப்பா."

தனசீலன் அசையவில்லை. அவனுக்கு இப்போது வெளிநாட்டு ஆதரவும் கிடைத்திருந்தது. ரயிலில் மொபைலை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒரு கட்டுரை அகப்பட்டது. வகுப்பில் வயதில் மூத்த பிள்ளைகள் அதிக மார்க் வாங்குகிறார்கள், தங்களைப் பற்றி உசத்தியாக நினைத்துக்கொள்கிறார்கள் என்று பேராசிரியர்கள் லட்சக்கணக்கான பிள்ளைகளை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்களாம். இதற்கு லட்சம் பிள்ளைகள் எதற்கு, என்னைக் கேட்டிருந்தால் ஒரு டீக்குச் சொல்லியிருப்பேனே என்று அவனுக்குத் தோன்றியது. வளர வளர அந்த வித்தியாசம் குறைகிறது என்றும், முப்பது வயதுக்கு மேல் சம்பளத்தில் பெரும்பாலும் தெரிவதில்லை என்றும் கட்டுரையின் கடைசிப் பத்தியில் இருந்தது. தனசீலன் கடைசிப் பத்திவரை போகிற ஆள் இல்லை.

ஆனாலும் நியாயஸ்தன். வெள்ளியும் சனியும் சொந்தமாக ஒரு விசாரணை நடத்தினான். ரயிலில் எப்போதும் கூட வரும் ஷேக் பரீத் கடையநல்லூர்க்காரர், உல்லாஸ்நகரில் ஜீன்ஸ் பட்டறை வைத்திருப்பவர். அவரிடம் எந்த வயதில் பள்ளிக்கூடம் சேர்ந்தீர்கள் என்று கேட்டான். பள்ளிக்கூடக் கூரை மழைக்கு விழுந்துவிட்டது, திருப்பிக் கட்டி முடிக்கும்போது எனக்கு ஒன்பது வயது என்றார் அவர். இப்போது முப்பது தையல் மெஷின். தனசீலனுக்கு உடம்பு புல்லரித்தது.

ஆபீசில் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் வேங்கடசுப்ரமணியன். டோம்பிவிலியில் இரண்டு ஃபிளாட்காரர். அவரையும் கேட்டான்.

"நாலு வயசுல சேர்த்துட்டா. நடுவுல ஒரு டபுள் புரமோஷன் வேற. பதினஞ்சு வயசுல காலேஜ்" என்றார் அவர், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "எதுக்குக் கேக்கறே?"

"சும்மாதான் ஸார்" என்று தனசீலன் நகர்ந்துவிட்டான். வேங்கடசுப்ரமணியனைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று படி இறங்கும்போதே முடிவாகிவிட்டது. அவர்கள் வீட்டில் பிள்ளை பிறக்கும்போதே வாய்ப்பாட்டோடு பிறக்கும், அது வேறு கேஸ்.

சனிக்கிழமை சாயந்திரம் குழாயடியில் பக்கத்து வீட்டு முருகம்மாளிடம் மாட்டிக்கொண்டான். இட்லி மாவு அரைத்து விற்று நாலு அறை வாங்கி வாடகைக்கு விட்டிருப்பவள் அவள். அவனுடைய கொள்கையை முழுசாகக் கேட்டுக்கொண்டாள்.

"பிந்திப் போனா மேல போவலாம், அப்படித்தான?" என்றாள்.

"ஆமா."

"நான் இன்னும் போவவே இல்லையே. அப்ப நான் எங்க இருக்கணும்?"

தனசீலன் இதை உண்மையாகவே யோசித்தான். கொள்கைப்படி அவள் கவர்னராக இருக்க வேண்டும். நாலு அறையையும் மாவு மெஷினையும் நினைத்துப் பார்த்தபோது, கொள்கை அப்படியொன்றும் தோற்றுப்போகவில்லை என்றும் பட்டது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து மூன்று பேரும் செம்பூர் போனார்கள். சாஜன் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தான். சாப்பாடு ஒரு பேச்சுக்கு. பதில் வாங்கத்தான் கூப்பிட்டான். அவன் மனைவி ரெபேக்கா கோழிக் குழம்பும் பொரித்த வாவல் மீனும் செய்திருந்தாள். ரெபேக்கா வீட்டிலேயே நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பவள். ஆளைப் பார்த்தாலே மார்க் போடுகிற கண்.

சாப்பிடும்போது ரீனா தன் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தாள். வீட்டில் அவள் அதைப் பல்லால் கடித்துத் திறப்பாள், யாரும் தொடக் கூடாது. ஏஞ்சலோ கையை நீட்டினான், நல்ல பிள்ளை. அவளும் பேசாமல் கொடுத்துவிட்டாள். அவன் திறந்து தந்ததும் குடித்தாள்.

"பாத்தியளா, எவ்வளவு பிரியமாப் பாத்துக்கிடுதான்" என்று ஜெயசீலி பூரித்துப்போனாள்.

தனசீலன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். கை கழுவிவிட்டு வந்ததும் சாஜன் நேரே விஷயத்துக்கு வந்தான். சுப்ரமணியன் ஸார் சாயந்திரத்துக்குள் பதில் கேட்டிருக்கிறார், சரி என்று சொல்லிவிடவா? வேண்டாம் என்றான் தனசீலன். ஏன் என்று சாஜன் கேட்டான். கேட்டிருக்கக் கூடாது. முப்பத்தேழு வருஷம் உள்ளே ஊறியதெல்லாம் கோழிக் குழம்போடு சேர்ந்து பொங்கி வந்துவிட்டது. அம்மை, காமாலை, ஒரு நாள் லீவு, ஒரு செட்டுப் புத்தகம், கூட்டி வகுத்த தேதி, பேராசிரியர்கள், ஷேக் பரீத் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடித்தபோது, அண்ணன் முதல் மார்க் வாங்கியதற்குக் காரணம் மூளை அல்ல, வயது என்பது நடுக்கூடத்தில் கிடந்தது.

சாஜனின் முகம் சிவந்தது. அவன் யார் முன்னாலும் குரல் உயர்த்தாத மேனேஜர்.

"நான் ராப்பகலாப் படிச்சேன்ல. ஆண்டவர் கிருபை வேற. வயசாம் வயசு."

"ரெண்டு வயசு சின்னப் பயலுவளோட போட்டி போட ஆண்டவர் கிருபை எதுக்குண்ணே?"

ரெபேக்கா சிரித்துவிட்டாள். ஷோகேஸில் ஒரு சின்ன வெள்ளிக் கப் இருந்தது. ஒன்றாம் வகுப்பு ஓட்டப் பந்தயத்தில் சாஜன் ஜெயித்தது. வீடு மூன்று முறை மாறியபோதும் அதைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தான். அவள் அதைப் பார்த்துவிட்டுத்தான் சிரித்தாள் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"சிரிக்கியா? நல்லாச் சிரி" என்றான் சாஜன். குரல் உடைந்திருந்தது. "அப்போ நான் படிச்சதெல்லாம் சும்மா, அப்படித்தான?"

தனசீலனுக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. ஜெயித்தால் சந்தோஷமாக இருக்கும் என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்தான். அண்ணன் சோபாவில் உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை, இருவரும் இன்னும் கொஞ்ச நேரம் மாறி மாறிக் கத்தினார்கள். ஏஞ்சலோவும் ரீனாவும் உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் ஒன்றும் பிரயோஜனமாகச் செய்யவில்லை என்று தெரிந்ததும் திரும்பிப் போனார்கள்.

ரெபேக்காவுக்குப் பொறுமை போய்விட்டது. அலமாரியைத் திறந்து இரண்டு தாள்களை எடுத்து மேஜையில் போட்டாள். நாலாம் வகுப்பு ஸ்காலர்ஷிப் பரீட்சைக்கு மாதிரிக் கணக்குத் தாள்.

"இப்ப ரெண்டு பேருக்கும் நாப்பது தாண்டியாச்சு. இனி எந்த வயசு வித்தியாசம்? உக்காந்து எழுதுங்க. இருவது கேள்வி, அரமணி நேரம். எவன் மண்டையில என்ன இருக்குன்னு இன்னைக்குத் தெரிஞ்சிரும்."

வேறு வீடாக இருந்தால் சிரித்துவிட்டுக் காபி குடிக்கப் போயிருப்பார்கள். இவர்கள் பேனா கேட்டார்கள். சாஜன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்துக்கொண்டான், மேனேஜர்கள் அப்படித்தான். ஆறு நாற்காலி போட்ட பெரிய மேஜை அது. தனசீலன் சுற்றிவந்து அண்ணனுக்கு இடப்பக்க நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். ரெபேக்கா, தள்ளி உட்காருங்க தம்பி என்று சொல்ல வாயெடுத்து, நேரமாகிறதென்று விட்டுவிட்டாள்.

கேள்விகள் பார்ப்பதற்குச் சாதுவாக இருந்தன. ஒரு கயிற்றை ஐந்து துண்டாக்க எத்தனை முறை வெட்ட வேண்டும்? ஒன்பது நாற்பதுக்குப் புறப்படும் ரயில் பதினொன்று பதினைந்துக்குப் போய்ச் சேர்ந்தால் பயண நேரம் எவ்வளவு? தனசீலன் தொடங்கும்போது உற்சாகமாகத்தான் தொடங்கினான். பேனா ஓடியது. ஜெயசீலி எதிரே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவன் இத்தனை சுறுசுறுப்பாக ஒரு காரியம் செய்து அவள் பார்த்ததில்லை. பாதிக்கு மேல் அவன் வேகம் குறைந்தது. எழுதியதைத் திரும்பப் பார்த்தான். அடித்தான், எழுதினான். முதல் பக்கத்தின் கடைசிக் கேள்வியை முடித்தவன், தாளைப் புரட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தான். சாஜன் தாளைப் புரட்டிய பிறகு அவனும் புரட்டினான்.

அரைமணி நேரம் ஆனதும் ரெபேக்கா இரண்டு தாளையும் பிடுங்கி, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தாள். முதலில் புருஷன் தாள். இருபதுக்குப் பதின்மூன்று.

"நாலாங்கிளாஸ்ல பதிமூணு" என்றாள். "ரயில் ஒரு மணி எழுபத்தஞ்சு நிமிசம் ஓடுதாம். எந்த லைன்ல?"

"பதினொண்ணு பதினஞ்சுல ஒம்போது நாப்பதக் கழிச்சேன்" என்றான் சாஜன் விறைப்பாக. "ஒண்ணு எழுபத்தஞ்சு. கழித்தல் கரெக்ட்டாத்தான இருக்கு?"

"அது ரூவாக் கணக்கு."

அடுத்து தனசீலன் தாள். சிவப்புப் பேனா ஓடி முடிந்தது. அதுவும் பதின்மூன்றுதான். ரெபேக்கா இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். டியூஷன் நடத்துகிறவள், இதற்கெல்லாம் அவளுக்கு நொடி போதும்.

"ஏழு தப்பும் அதே ஏழு தப்பு" என்றாள். "இங்கயும் ரயில் ஒரு மணி எழுபத்தஞ்சு நிமிசம். தம்பி, தினம் ரயில்ல போற ஆளு நீங்க. நம்ம டியூஷன்ல இப்படி எழுதுனா நான் ரெண்டு பேரையும் வெளிய நிறுத்திருவேன்."

எல்லோரும் சிரித்தார்கள். சாஜன்தான் அதிகம் சிரித்தான், அவனுக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. பாத்து எழுதிட்டு என்னைய மண்டுன்னு சொல்ல வந்துட்டான் என்றான். தனசீலனும் சிரித்துப் பார்த்தான், சரியாக வரவில்லை. அவனுக்கே விளங்கவில்லை. பார்த்து எழுத வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை. பார்த்தது நினைவிலும் இல்லை.

ஜெயசீலி அவன் தாளை எடுத்துப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது.

"அக்கா, இந்த அடிச்சதப் பாத்தியளா?"

"எது?"

"கயிறு அஞ்சு துண்டு. மொதல்ல நாலுன்னு எழுதியிருக்காவ. அதை அடிச்சிட்டு அஞ்சு. ரயிலுக்கு மொதல்ல ஒரு மணி முப்பத்தஞ்சு நிமிசம். அதையும் அடிச்சிருக்காவ."

ரெபேக்கா எழுந்து வந்து பார்த்தாள். விரலை வைத்து ஒவ்வொன்றாக மேலிருந்து கீழே வந்தாள். தாளைப் புரட்டினாள். பிறகு, டியூஷன் பிள்ளைகளிடம் பேசாத குரலில் சொன்னாள்.

"அடிச்சது பூரா சரி தம்பி. ஏழும். நீங்க மொதல்ல எழுதுனதுக்கு மார்க் போட்டா இருவதுக்கு இருவது."

தனசீலனுக்குக் காது சுட்டது. மண்டு என்று தெரிந்திருந்தால்கூட அவனுக்கு இத்தனை வெட்கமாக இருந்திருக்காது. மண்டுவாக இருந்து பழக்கம் உண்டு. தனக்குத் தெரியும், தெரிந்தும் அடித்திருக்கிறோம் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வாய்க்குள் அழுகை வந்து நின்றது. நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, எதிரே மதினி சிவப்புப் பேனாவோடு நிற்கிறாள். அதனால் விழுங்கிவிட்டான்.

"நான் ஒனக்குக் காட்டலியேல" என்றான் சாஜன். அவன் குரலில் மேனேஜரைக் காணோம். "நீயாப் பாத்தா நான் என்ன செய்ய?"

"நீ காட்டலண்ணே. எனக்குப் பழக்கம். நான் என்ன எழுதுனாலும் நீ எழுதுனதுதான் சரியா இருக்கும்னு ஒரு இது."

"ஸ்கூல்லயும் இப்படித்தானா?"

"ஆமாண்ணே. அப்ப நீ எழுதுறதும் சரியாத்தான் இருந்துச்சு. அதனால ஒண்ணும் தெரியல."

சாஜன் தம்பியின் தாளை வாங்கி நெடுநேரம் பார்த்தான். பதின்மூன்று மார்க் வாங்கியவன் தேடிப் பார்க்க அதில் என்ன இருக்கிறது?

"நான் ஒன்னைய விட்டுட்டுப் போவலயேல" என்றான். "பத்தாங்கிளாஸ் வரைக்கும் எம் பக்கத்துலதானே உக்கார வச்சிருந்தேன். பெரிய டீச்சர் மாத்தி உக்காரச் சொன்னப்பகூட, எந்தம்பி தனியா உக்காந்தா பயப்படுவான்னு நாந்தான் சண்ட போட்டேன்."

"தெரியும்ணே" என்றான் தனசீலன். அவனுக்கு அண்ணன் மேல் கோபம் என்று ஒன்றும் இப்போது மிஞ்சவில்லை. கோபத்தை வைத்துக்கொள்ளச் சுகமாக இருந்தது, அது போய்விட்டதில்தான் வருத்தம்.

ரெபேக்கா காபி போட உள்ளே போனாள். உள்ளறையில் ஏஞ்சலோ பெரிய மனுஷன் மாதிரி எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். ரீனாவின் சத்தத்தைக் காணோம். தாராவியில் மூன்று சந்து தாண்டிக் கேட்கும் சத்தம் அது. ஜெயசீலிகூட ஒரு தரம் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

காபி வந்தது, குடித்தார்கள். வெயில் தணிந்துகொண்டிருந்தது. சாஜன் போனைக் கையில் எடுத்தான்.

"சுப்ரமணியன் ஸார் காத்துக்கிட்டு இருப்பாரு. இந்த வருசம் வேண்டாம்னே சொல்லிரவா? நீ சொல்லுதது நியாயமாத்தான் படுது. சின்னப் பிள்ள. பொறுத்தே சேப்போம்."

ஜெயசீலி காபித் தம்ளரைக் கீழே வைத்தாள். மாட்டுங்கா யூனிஃபார்ம் அவள் கண்முன்னே போய்க்கொண்டிருந்தது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்த பிறகு தனசீலனிடம் எதையும் எதிர்த்துப் பேச அவளுக்கு வாய் வரவில்லை.

"வேண்டாம்னு சொல்லாத" என்றான் தனசீலன். "இந்த வருசமே சேரட்டும்."

ஜெயசீலி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"வயசு கொறவுதான், அது கஷ்டந்தான், இல்லன்னு சொல்லல" என்றான் அவன். "அதை அவ தாங்கிக்கிடுவா. வாய் இருக்கு. ஆனா ஏ டிவிஷன் வேண்டாம்ணே. வேற டிவிஷன்ல போடச் சொல்லு."

"ஏம்ல? நான் கெஞ்சி வாங்குனது அதைத்தான். அங்கன தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு வேண்டாமா? ஏஞ்சலோ இருந்தா அவளப் பாத்துக்கிடுவான்லா."

"அதுக்குத்தான் சொல்லுதேன்."

சாஜன் போனைப் பிடித்தபடியே இருந்தான். மறுத்துப் பேசத்தான் வாயைத் திறந்தான். பிறகு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்தான். எண்ணைத் தட்டினான். மறுமுனையில் சுப்ரமணியன் ஸார் உடனே எடுத்துவிட்டார். ஏதோ விரிவாகக் கேட்டார்.

"ஆமா ஸார், இந்த வருசமே. சின்னப் பிள்ளதான் ஸார், டிசம்பர் கடைசி" என்றான் சாஜன். "இல்ல ஸார், ஏஞ்சலோ கூட வேண்டாம்." அவர் மறுபடி என்னவோ கேட்டார். அவன் தம்பியைப் பார்க்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னான்: "பயப்பட மாட்டா ஸார். தனியா உக்காரட்டும்."